நாலரை மீட்டர்

பிப்ரவரி 11, செவ்வாய்

இன்று ஜட்ஜம்மாவோடு ஆற்றங்கரை நிலத்தைப் பார்த்துவிட்டு வந்தோம், நானும் அண்ணனும். அந்த அம்மா ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறதாம். தனி ஆள். இருந்த பெரிய வீட்டை விற்றுவிட்டு இந்த ஆறு ஏக்கரை வாங்கியிருக்கிறார். பதினைந்து பேர் வந்து தங்கி, பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகிற மாதிரி ஒரு தியான இல்லம் வேண்டுமாம்.

“நாப்பது வருஷம் அடுத்தவங்க பேசறதையே கேட்டாச்சு. இனிமே யாரும் பேசாத இடம் ஒண்ணு வேணும். மரத்தை வெட்டக் கூடாது. ஆத்தைத் தொந்தரவு பண்ணக் கூடாது. இவ்வளவுதான் என் தீர்ப்பு” என்றார்.

அண்ணன் முகத்தை மாற்றாமல், “அப்பீல் உண்டா?” என்று கேட்டான். அந்த அம்மா சிரித்துவிட்டார். வேலை எங்களுக்குத்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு அவன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கரை நெடுக நடந்தான். வயது அறுபத்திரண்டு, நிலம் பார்க்கப் போனால் மட்டும் பன்னிரண்டு. படம் போடுவது என் வேலை. மண், மட்டம், அஸ்திவாரம், கணக்கு எல்லாம் அவன். இருபத்தாறு வருடமாக எங்கள் ஆபீஸ் இப்படித்தான் ஓடுகிறது.

திரும்பி வரும்போது ஆபீஸ் தெருவைத் தாண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டேன். “உன் வாய் எப்ப ஓயும்னு பாத்தேன், வாலு” என்றான். ஆனால் சட்டென்று பதில் வரவில்லை. ஒரு நொடி வண்டியை ஓரங்கட்டி, இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் வந்தது.

பிப்ரவரி 23

மூன்று நாளாக மரம் எண்ணுகிறோம். நூற்று நாற்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, சுற்றளவு, சாய்வு, எந்தக் கிளை தாழ்ந்திருக்கிறது என்பது வரை அண்ணன் தன் நோட்டில் எழுதுகிறான். நான் பாதை போட்டால் அவன் நோட்டைப் பார்த்து, “முப்பத்தேழுக்கு வேர் இங்க வரைக்கும் வந்திருக்கு, சுத்திப் போ” என்கிறான். பாதை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகிறது. நேர்கோடாகப் போட்டிருந்தால் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

மணலில் நீர்நாயின் கால்தடம் பார்த்தோம். கரையில் விளக்கே வேண்டாம் என்று முடிவு.

ஜட்ஜம்மா ஒன்று கேட்டார்: அழுவதற்கு ஒரு இடம். தியானம் என்று உட்கார வைத்தால் பாதிப் பேருக்கு அழுகைதான் வரும், மற்றவர்கள் காதில் விழுமே என்று அடக்கிக்கொள்வார்கள், அது கெடுதல் என்றார். அண்ணன் உடனே கரையில் இறங்கிப் போனான். கால் மணி நேரம் கழித்துக் கீழிருந்து கை காட்டினான். பாறைகளுக்கு நடுவில் ஆற்றுத் தண்ணீர் விழுந்து இரைகிற இடம். அங்கே நின்று அவன் வாயைத் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது, ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இடத்தில் ஒரு சின்ன அறை.

மார்ச் 4

ஜட்ஜம்மாவுக்கு அண்ணன் எழுதிய கடிதத்தை அனுப்புவதற்கு முன் பார்த்தேன். ‘தியான இல்லம்’ என்று வர வேண்டிய மூன்று இடத்தில் ‘பால் பண்ணை’ என்று இருக்கிறது. பால் பண்ணை நாங்கள் ஒன்பது வருடத்துக்கு முன் கட்டியது. அதுவும் ஒரு ஆற்றோரம்தான்.

நானே திருத்தி அனுப்பினேன். அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

மார்ச் 19, புதன்

அண்ணியும் நானும் அவனை நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனோம். கண்ணுக்குக் காட்டப் போகிறோம் என்று அண்ணி பொய் சொல்லித்தான் கிளப்ப வேண்டியிருந்தது.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார் டாக்டர். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று இரண்டு வரை கடகடவென்று இறங்கிவிட்டு, “பதிமூணு பதிமூணாவும் வேணுமா டாக்டர்?” என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த கேள்வி, இது என்ன மாதம். ஜன்னலைப் பார்த்தான். அண்ணியைப் பார்த்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அண்ணி தான் கவனித்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். சாவியைத் தேடுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் பேர் வரவில்லை. நான்கு மாதமாக இடது வலது மாற்றிச் சொல்கிறார். நான்கு மாதமாக இவரும் தனியாகச் சுமந்திருக்கிறார்.

மார்ச் 20

மறதி நோய். டாக்டர் சொன்ன பெயரை எழுதக் கை வரவில்லை.

ஏப்ரல் 2

தியான மண்டபம் வந்துவிட்டது. இரண்டு வாரமாக வராதது இன்று காலை ஒரே இழுப்பில் வந்தது. மூன்று பக்கமும் அந்த மண்ணையே அடித்து இறுக்கிய சுவர். ஆற்றுப் பக்கம் சுவரே கிடையாது. தரை தாழ்வாக இருக்கும். கோடையில் தண்ணீர் நிற்கும் மட்டத்திலிருந்து மூன்று மீட்டர்தான் உயரம். தரையில் உட்கார்ந்தால் கரை மறைந்துபோய், கண்ணுக்கு நேரே தண்ணீர் மட்டும் தெரியும். தண்ணீர் மேலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி.

இத்தனை வருடத்தில் நான் போட்ட படங்களிலேயே இதுதான் உச்சம். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒன்று வரும் என்று நினைக்கவில்லை. ஆபீசில் யாரும் இல்லை, எழுந்து இரண்டு முறை மேஜையைச் சுற்றி நடந்தேன்.

ஏப்ரல் 9

அண்ணன் படத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். “நல்லாருக்கு. தரையை நாலரை மீட்டருக்கு ஏத்து” என்றான்.

நாலரைக்கு ஏற்றினால் மண்டபமே செத்துவிடும். உட்கார்ந்தால் மரத்தின் நடுத்தண்டுதான் தெரியும், தண்ணீர் எங்கோ பள்ளத்தில் கிடக்கும். பொதுப்பணித்துறை அலுவலகப் பதிவேட்டில் முப்பது வருடக் கணக்கு இருக்கிறது, அதிகபட்ச வெள்ளமே இரண்டு மீட்டர் நாற்பது, நான் அதற்கும் மேல் அறுபது செண்டிமீட்டர் விட்டிருக்கிறேன் என்றேன்.

“முப்பது வருஷம்ங்கிறது கிட்டத்தட்ட நம்ம ஆபீஸ் வயசு. ஆத்துக்கு அது நேத்து” என்றான். நிலத்தின் மூலையில் கூரை போன பழைய பம்ப் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. அதன் கல் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இருக்கிறதாம், நாலு மீட்டருக்கும் மேலே. ஆற்றைப் பார்த்து நின்றால் இடது பக்கச் சுவர் என்றான். பேச்சோடு பேச்சாக, “பால் பண்ணையில இதே மாதிரிதான்” என்றும் சொன்னான்.

பால் பண்ணை. மறுபடியும்.

ஏப்ரல் 11

தனியாகப் போய்ப் பார்த்தேன். ஆற்றைப் பார்த்து நின்று, இடது பக்கச் சுவர். மேலிருந்து கீழ்வரை கையால் தடவியும் பார்த்தேன். கோடு ஒன்றும் இல்லை.

காரில் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அண்ணனுக்காக என்றுதான் நினைத்தேன்.

ஏப்ரல் 16, புதன்

ஜட்ஜம்மாவின் வாடகை வீட்டில் கூட்டம். எழுதாமல் தூக்கம் வராது, எழுதிவிடுகிறேன்.

மண்டபத்தின் படம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எங்கள் இரண்டு பேர் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உங்களுடையதில் மூன்று இருக்கிறது, இவருடையதில் நாலரை இருக்கிறது, எதை எடுத்துக்கொள்ள என்று கேட்டார்.

“நாலரை. அதுல மாத்தமே இல்ல” என்றான் அண்ணன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். “அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, மேடம். மறதி. வேற ஒரு இடத்தோட கணக்கை இதுல சேத்துப் பேசறாரு. என் கணக்கையே வெச்சுக்கலாம்.”

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னேன். ஒரு கை தூரத்தில்.

அண்ணன் நோட்டை மூடினான். அதற்கு ரப்பர் பேண்ட் போட்டான், இரண்டு சுற்று. நீங்கள் பேசிக்கொண்டிருங்கள், நான் காரில் இருக்கிறேன் என்று ஜட்ஜம்மாவிடம் சொல்லிவிட்டு எழுந்தான். கதவை இழுக்க வேண்டும், அவன் தள்ளினான். இரண்டு முறை தள்ளினான். ஜட்ஜம்மாவே எழுந்து போய்த் திறந்துவிட்டார். அந்தக் கதவு என் கட்சிக்குச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது.

மூன்று மீட்டர் என்று முடிவானது.

வீட்டில் இறக்கிவிட்டபோது, “பாத்துப் போ” என்றான். எப்போதும் சொல்வதுதான்.

ஏப்ரல் 17

அண்ணன் ஆபீசுக்கு வரவில்லை.

ஏப்ரல் 28

இன்றும் இல்லை. அண்ணியிடம் கேட்டால், டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார் என்கிறார். அவன் மேஜைமேல் மட்டம் பார்க்கிற கருவி பெட்டியோடு இருக்கிறது. துடைத்து வைத்தேன்.

மே 15

வேலை ஆரம்பித்துவிட்டது. மேஸ்திரி பழைய ஆள், அண்ணனோடு பதினெட்டு வருடம் வேலை செய்தவர். வந்ததும், “பெரியவர் வரலையாம்மா?” என்றார். உடம்பு சரியில்லை என்றேன். அவர் மனைவியும் கூட வந்திருக்கிறார், ஆட்களுக்குச் சமைக்க. கரைக்கு மேல் ஒரு குடிசை போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மரம்கூட வெட்டவில்லை.

ஜூலை 3

சுவர் இடுப்பளவு வந்துவிட்டது. அந்த மண்ணின் நிறம்! காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. போட்டோ எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். நன்றாக இருக்கிறது என்றான். எந்த இடம் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21

சுவர் முழு உயரம். கூரைக்குச் சாரம் கட்டியாயிற்று. இன்று மண்டபத்தின் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நினைத்த மாதிரியே தண்ணீர் கண்ணுக்கு நேரே வந்தது. ஜட்ஜம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. எழுந்திருக்கும்போது என் தோளில் கை வைத்து எழுந்தார்.

செப்டம்பர் 17, புதன்

மலைப்பக்கம் நான்கு நாளாக மழை. காலை ஏழு மணிக்கு மேஸ்திரி போன் செய்தார். தண்ணீர் குடிசை வாசலுக்கு வந்துவிட்டது, ரோட்டுக்குப் போகிற பள்ளமும் நிரம்பிவிட்டது என்றார். மற்ற ஆட்கள் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள், அவரும் மனைவியும் மட்டும்தான்.

நான் சொன்னேன், மண்டபத்துக்குள் ஏறி நில்லுங்கள், அங்கே தண்ணீர் வராது என்று. நான்தான் சொன்னேன். அதற்குப் பிறகு லைன் கிடைக்கவில்லை.

பாலத்தை மூடிவிட்டார்கள். இந்தப் பக்கம் மாலை நான்கு மணிவரை நின்றேன். தீயணைப்பு ஆட்கள் படகில் போய்க் கூட்டி வந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். தண்ணீர் மண்டபத்துக்குள் மார்பளவு வந்திருக்கிறது. சாரத்தின் மேல் ஏறி ஏழு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். மண் சுவர் கரைந்து சாய்ந்தபோது சாரமும் சரிந்து, அந்த அம்மாவின் வலது கை இரண்டு கம்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது.

மேஸ்திரி போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கோபிக்கவில்லை. விளக்கம் சொல்கிற மாதிரி சொன்னார்.

“இங்க தண்ணி வராதுன்னு நீங்க சொன்னீங்கல்லம்மா. அதான் ஏறினோம். இல்லாட்டி மரத்துல ஏறியிருப்போம்.”

செப்டம்பர் 19

இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார்கள். சமைக்கிற கை.

செப்டம்பர் 21, ஞாயிறு

தண்ணீர் வடிந்தது. போனேன்.

மண்டபம் இல்லை. கல் தரைமேல் சேறு, சுவர் இருந்த இடத்தில் மூன்று மண் மேடுகள், அவ்வளவுதான். மரங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. ஒவ்வொரு மரத்திலும் ஒரே உயரத்தில் சேற்றுக் கோடு. கோடைத் தண்ணீர் மட்டத்திலிருந்து நாடாவைப் பிடித்து அளந்தேன். நாலு மீட்டர் இருபது.

பிறகு பம்ப் ஹவுஸுக்குப் போனேன். இடது பக்கச் சுவரை ஏப்ரலில் பார்த்தாயிற்று. இன்று வலது பக்கம் போனேன். கொடி மூடியிருந்த சுவர் அது. கொடியை வெள்ளம் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. புதுச் சேற்றுக் கோட்டுக்கு நான்கு விரல் கீழே, கல்லோடு கல்லாகப் பழைய கோடு. கறுப்பாக, சுவர் நீளத்துக்கும்.

இடது என்று சொன்னான். வலது. அவ்வளவுதான் வித்தியாசம். இடது வலது மாற்றிச் சொல்கிறார் என்று அண்ணி டாக்டரிடம் சொன்னபோது நானும் அங்கேதானே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் போக ஆறு எட்டு வைத்திருந்தால் போதும்.

செப்டம்பர் 22

ஆறு எட்டு. ஆறே எட்டு. ஏன்டி போகல? கால் வலிச்சுதா? வெயிலா?

போகாததுக்குக் காரணம் எனக்குத் தெரியும். கோடு இருந்துடக் கூடாதுன்னு நெனச்சேன். இருந்தா படத்தை மாத்தணும். அந்தப் படம் எனக்கு வேணும். அண்ணன் வியாதி எனக்குத் தோதா வந்து நின்னுச்சு. அதைப் புடிச்சுக்கிட்டேன்.

நூத்துலேருந்து ஏழு ஏழா இறங்கினானே. கணக்கு அவனை விட்டுப் போகலையே. பேரு போச்சு, மாசம் போச்சு, திசை போச்சு, கணக்கு போகலையே. கண்ணால பாத்தேனே நான்.

செப்டம்பர் 24, புதன்

ஜட்ஜம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோடு, இடது, வலது, நான் போகாதது, போகாததற்குக் காரணம். வேறு ஆர்க்கிடெக்டைப் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்குக் கொடுக்க வேண்டியது எதுவும் வேண்டாம் என்றேன்.

எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

“எனக்கு முன்னாடி ரெண்டு சாட்சி உக்காந்திருந்தீங்க. ஒருத்தர் நோயாளின்னு இன்னொருத்தர் சொன்னதும் அவர் சொன்னதை அப்படியே தள்ளிட்டேன். ஒரு கேள்வி கேக்கல. கோர்ட்டுல இப்படிச் செஞ்சிருந்தா மேல் கோர்ட்டு என்னைக் கிழிச்சிருக்கும்” என்றார்.

நான் ஆறுதலுக்காக வரவில்லை என்றேன். நானும் ஆறுதல் சொல்லவில்லை என்றார்.

மேஸ்திரி மனைவியின் சிகிச்சையை அவரும் நானும் பார்த்துக்கொள்கிறோம். வேலையை விட்டுப் போகலாமா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்யக் கூடாதாம், உங்கள் அண்ணனிடம் போய்க் கேளுங்கள் என்றார். இது தண்டனையா தெரியவில்லை.

செப்டம்பர் 28

போனேன். அண்ணன் பால்கனியில் உட்கார்ந்திருந்தான். ஐந்து மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. காலடியில் உட்கார்ந்து சொன்னேன். நீ சொன்னது சரி, நான்தான் கேட்கவில்லை, வெள்ளம் வந்துவிட்டது, எல்லாம் போய்விட்டது.

கவனமாகத்தான் கேட்டான். பிறகு, “எந்த ஆறு?” என்றான்.

சொன்னேன். ஜட்ஜம்மாவைச் சொன்னேன், முப்பத்தேழாம் மரத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினான். எனக்காக ஆட்டினான் என்று தெரிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அழாத. யாரு என்ன சொன்னா உன்னை? நான் பேசறேன் அவங்ககிட்ட” என்றான்.

யாரிடம் போய்ப் பேசுவான்?

அண்ணி காபி கொடுக்கிற சாக்கில் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். அவர் இத்தனை வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை, இன்றும் உயர்த்தவில்லை.

“அன்னிக்கு ஜட்ஜம்மா வீட்டுலேருந்து வந்து, சட்டையைக்கூடக் கழட்டாம உக்காந்திருந்தார். ‘நான் பைத்தியமாடி’ன்னு கேட்டார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். இத்தனை நாள் சொல்லல. இன்னிக்கு அவருக்கே அது ஞாபகம் இல்ல. அதான் சொல்றேன்.”

காபியைக் குடித்தேன். குடிக்காமல் வைத்தால் அவர் இன்னும் வருத்தப்படுவார்.

அக்டோபர் 5

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

அக்டோபர் 19

அண்ணி ஆபீசுக்கு வந்தார். இதுவரை மாடிப்படி ஏறியதே இல்லை. பையிலிருந்து அண்ணனின் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதே ரப்பர் பேண்ட், இரண்டு சுற்று.

“எனக்கு இதுல ஒண்ணும் புரியாது. அவருக்கும் இனிமே புரியாது. உனக்குத்தான் புரியும்” என்று சொல்லிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். மன்னித்தாரா, மன்னிக்கவில்லையா. நானே ஏன் அதை எண்ணிக்கொண்டிருக்கிறேன்? அவருக்கு இருக்கிற வேலையில் அதற்கு நேரம் ஏது?

நவம்பர் 3

நோட்டைப் படித்து முடித்தேன். நூற்று நாற்பத்து மூன்று மரங்கள். காற்று எந்த நேரம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பதினொரு பக்கம். ஓரிடத்தில்: ‘இங்கே காலை ஒன்பதுக்கு நிழல். வயசானவர்கள் உட்காரலாம்.’ இன்னோர் இடத்தில்: ‘நீர்நாய் குட்டி போட்டிருக்கிறது. வாலுவிடம் சொன்னால் பார்க்க வந்து மிரட்டிவிடுவாள். பிறகு சொல்லலாம்.’

சொல்லவேயில்லை. மறந்திருப்பான்.

கடைசிப் பக்கங்களில் எழுத்து சரிகிறது. வார்த்தைகள் பாதியில் நிற்கின்றன. எண்கள் மட்டும் நேராக, ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன.

வேலையை விடவில்லை என்று ஜட்ஜம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். சரி என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 10, சனி

புதுப் படம். மண்டபம் கரையைவிட்டுப் பின்னால் போய்விட்டது, மரங்களுக்கு நடுவில், தூண்களின் மேல். வெள்ளம் வந்தால் அடியில் ஓடிவிட்டுப் போகட்டும். தரை நாலரை. உட்கார்ந்தால் தண்ணீர் தெரியாது என்று அன்றைக்கு அடித்துச் சொன்னேன். அண்ணன் நோட்டில் கிளைகளின் உயரம் எல்லாம் இருக்கிறது. அதை வைத்துப் போட்டுப் பார்த்தால், ஒன்பதாம் மரத்துக்கும் பத்துக்கும் நடுவில் ஓரிடம் திறக்கிறது. அந்த வழியே ஆற்றின் வளைவு முழுக்கத் தெரிகிறது. அவனுக்கு அது தெரிந்துதான் இருந்திருக்கும். அன்றைக்குக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

முதல் படம் அளவுக்கு இது அழகில்லை. பரவாயில்லை.

பிப்ரவரி 14

மேஸ்திரியைப் பார்க்கப் போனேன். மறுபடி வர முடியுமா என்று கேட்கத்தான். மனைவி வேண்டாம் என்கிறாள், ஆற்றுச் சத்தம் கேட்டாலே கை வலிக்கிறதாம் என்றார். அந்த அம்மா உள்ளேயிருந்து வந்து இடது கையால் தண்ணீர் கொடுத்தார். இடது கையால் கொடுப்பதற்காகத் தப்பாக நினைக்காதீர்கள் என்றார் என்னிடம்.

புது மேஸ்திரி பார்க்க வேண்டும்.

மார்ச் 7

மதியம் அண்ணன் வீட்டைவிட்டு வெளியே போய்விட்டான். மூன்று மணி நேரம் தேடினோம். பஸ் நிலையத்தில், பெஞ்சில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருந்தான். எங்கே கிளம்பினாய் என்றேன். “வேலைக்கு” என்றான். அண்ணி அவன் கையைப் பிடித்த பிடியை வீடு வந்தும் விடவில்லை.

ஜூன் 29

வாசல் பூட்டை மாற்றினோம். இனி உள்ளேயிருந்து அவனால் திறக்க முடியாது. பூட்டுக்காரர் முன்னால் அண்ணி நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். அவர் போனதும் கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் வந்து எங்களைப் பார்த்துவிட்டு, அவனும் உட்கார்ந்தான்.

செப்டம்பர் 30

இந்த வருட வெள்ளம் இரண்டு மீட்டரைத் தாண்டவில்லை. பழைய மண்டபத்தின் கல் தரைமேல்கூட வரவில்லை. மூன்று மீட்டரே போதுமானதாக இருந்திருக்கும், இந்த வருடத்துக்கு.

நவம்பர் 22

வேலை முடிந்தது. கடைசியாகப் பாதையில் சரளைக்கல் போட்டார்கள். வேறு யாராவது இருந்தால் சந்தோஷப்படும் நாள். நான் கார் சாவியைத் தேடிக்கொண்டு நின்றேன், கையில்தான் இருந்தது. அப்படி ஏதாவது நடந்தால் இப்போதெல்லாம் எனக்குப் பயம் வந்துவிடுகிறது.

டிசம்பர் 6, ஞாயிறு

இன்று தியான இல்லத்தைத் திறந்தார்கள். ரிப்பன் வெட்டுவது, பேசுவது ஒன்றும் கூடாது என்று ஜட்ஜம்மா சொல்லிவிட்டார். பன்னிரண்டு பேர் வந்தார்கள். அவரவர் அறையில் பையை வைத்துவிட்டு மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான் விழா.

அண்ணி அண்ணனைக் கூட்டி வந்திருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை. பாதையில் மெதுவாக நடந்தான், படியில் நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டான். மண்டபத்தில் கடைசி வரிசையில் அவனை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். வீட்டில் பத்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டான், எழுந்து எழுந்து நடப்பான் என்று அண்ணி பயந்துகொண்டே இருந்தார். ஒரு மணி நேரம் அவன் அசையவில்லை. மரங்களுக்கு நடுவில் தெரிகிற ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜட்ஜம்மா முன்வரிசையிலிருந்து ஒரு முறை திரும்பி அவனைப் பார்த்தார்.

பிறகு அவன் என் பக்கம் சாய்ந்தான். இங்கே பேசக் கூடாது என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும், குரலை ரொம்பத் தாழ்த்திக்கொண்டான்.

“நல்லா இருக்குங்க. யாரு கட்டினது?”

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டார்.

“எங்க அண்ணன்” என்றேன்.

“அப்படிங்களா. நிதானமான ஆளா இருப்பாரு போல.” தரையைக் கையால் தடவிப் பார்த்தான். “அவரு வரலீங்களா?”

“வந்திருக்காரு.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்மூடி இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போனான்.